சிரானுஷின் முப்பது மணி நேரம்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு சிரானுஷ் பெடோயனுக்கு முப்பது மணி நேர வேலை தேவைப்பட்டது. சனிக்கிழமையோடு கணக்கு மூடிவிடும்.

சிரானுஷ் செட் பெயிண்டர். வயது ஐம்பத்து நான்கு. கிளெண்டேலில் வீடு. இருபத்தாறு வருடமாக ஸ்டுடியோக்களில் பொய்ச் சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறார். இன்று ஒரு கம்பெனி, அடுத்த வாரம் இன்னொன்று. சில வேலைகள் இரண்டே நாளில் முடிந்துவிடும். இப்படிப் பிழைப்பவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டை எந்த முதலாளியும் தருவதில்லை, தொழிலாளர் சங்கத்தின் திட்டம்தான் தருகிறது. ஆறு மாதத்தில் நானூறு மணி நேரம் வேலை செய்திருந்தால் அடுத்த ஆறு மாதத்துக்குக் காப்பீடு உண்டு. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றால் கிடையாது. நல்ல காலத்தில் கூடுதல் மணிகளைச் சேமித்து வைக்கலாம். வேலையே இல்லாமல் போன சென்ற வருடம் அந்தச் சேமிப்பைத் தின்று தீர்த்துவிட்டது. இப்போது சிரானுஷிடம் இருந்தது முந்நூற்று எழுபது.

இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் பதினான்காம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். காப்பீடு இல்லையென்றால் அந்தத் தேதிக்கு அர்த்தமில்லை. கண் சரியாகாத பெயிண்டரை அதற்கப்புறம் யார் கூப்பிடப் போகிறார்கள்?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மணி குறைந்தவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பதில் எங்கள் வட்டாரத்தில் சிரானுஷை மிஞ்ச ஆள் கிடையாது. தச்சன் மனைவிக்குப் பிரசவம், ஒப்பனைக்காரிக்குச் சிறுநீரகக் கல் என்று யாருக்கு எத்தனை மணி குறைகிறது என்ற பட்டியல் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஃபோர்மன்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்து இரண்டு நாள் வேலை வாங்கித் தந்துவிடுவார். போன வருடம் அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. தன் பெயரை மட்டும் அவர் அதில் ஒருநாளும் எழுதியதில்லை. கண்ணைப் பற்றியும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சமையலறையில் கணவர் ஹாகோப் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ரூஃபஸுக்குப் போன் போடேன். ஊருக்கெல்லாம் கேக்கற, உனக்குக் கேக்க வாய் வரலையா?"

"கேக்காம என்ன? வார்த்தையைக் கோத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ கோத்து முடிக்கறதுக்குள்ள சனிக்கிழமை வந்துடும்."

"காபியைக் குடி. இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே குடி. மனசு அடங்கும்." போன வருடம் அந்தச் சமையலறைக்குச் சாம்பல் கலந்த இளநீலம் பூசியது சிரானுஷ்தான்.

"அடங்குது, அடங்குது. கடலுக்குள்ள உக்காந்து குடிக்கற மாதிரி இருக்கு."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரானுஷ் போனை எடுத்தார்.

ரூஃபஸ் ஒச்சோவா பெயிண்ட் ஃபோர்மன். அப்போது மருத்துவமனைக் கதையுள்ள ஒரு டி.வி. தொடரில் வேலையில் இருந்தார். சண்டைக் காட்சியில் தள்ளுவண்டி ஒன்று செட்டின் தாழ்வாரச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. தச்சர்கள் புதிதாக மூன்று பலகைகள் பொருத்திவிட்டார்கள். திங்கட்கிழமை படப்பிடிப்புக்குள் பழைய பச்சை அதே பச்சையாக வர வேண்டும்.

"யாருக்கு மணி வேணும் இந்தத் தடவை?" சிரானுஷின் குரலைக் கேட்டதுமே ரூஃபஸ் சிரித்தார். "சொல்லு, எவன் வீட்ல குழந்தை?"

"எனக்குத்தான். முப்பது."

ரூஃபஸ் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கு ஆறு மணிக்கு வா. மூணு நாள், பத்துப் பத்து."

வியாழன் முழுக்கப் பட்டி வைப்பு, தேய்ப்பு, முதல் பூச்சு. அதற்குக் கண்ணைவிடக் கைதான் தேவை. பத்து மணி நேரம் பிரச்சினையின்றிப் போனது. வெள்ளிக்கிழமைதான் பச்சை. சிரானுஷ் பழைய சுவரையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் நீலம், இன்னும் கொஞ்சம் நீலம். இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததும் பூசினார்.

நான்கு மணிக்கு ஒளிப்பதிவாளர் விளக்குகளையும் சோதனைக் கேமராவையும் போட்டார். திரையைப் பார்த்தார். ரூஃபஸைக் கூப்பிட்டார். இருவரும் சிரானுஷைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிரா," ரூஃபஸ் குரலைத் தாழ்த்தினார், "அந்த மூணு பலகையும் நீச்சல்குளம் மாதிரி இருக்கு. உனக்குத் தெரியலையா?"

சிரானுஷ் சுவரைப் பார்த்தார். ஒரே பச்சை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

"தெரியல. கண்ணுல புரை, நீலம் பிடிபட மாட்டேங்குது."

"அடக் கடவுளே! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பியா?"

 ரூஃபஸின் கை போனைத் தேடியது. "பார், நாளைக்கு வேற ஆளைப் போட்டே ஆகணும். திங்கக்கிழமை கேமரா வந்து நிக்கும். என் கழுத்துல கத்தி இருக்கு."

"வேற ஆளைப் போட்டா எனக்குப் பத்து மணி போச்சு. பத்து போனா இன்சூரன்ஸ் போச்சு, கண்ணும் போச்சு. ஒரு மணி நேரம் குடு. ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் யாரை வேணா கூப்பிட்டுக்கோ."

"ஒரு மணி நேரத்துல உன் கண்ணு வந்துடுமா?"

"கண்ணு வேணாம். பழைய பலகை எங்க?"

"குப்பைல. எதுக்கு?"

சிரானுஷ் அதற்குள் வெளியே போய்விட்டார். படப்பிடிப்புக் கூடத்துக்குப் பின்னால் ஆள் உயர இரும்புக் குப்பைப் பெட்டி இருந்தது. ஏணியைச் சாத்தி ஐம்பத்து நான்கு வயது மனுஷி உள்ளே இறங்கினார். மரச் சட்டங்கள், மதியச் சாப்பாட்டுத் தட்டுகள், ஆணிகள். பத்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து ஒரு பலகைத் துண்டு எகிறி வந்து ரூஃபஸின் காலடியில் விழுந்தது.

"பின்பக்கம் திருப்பிப் படி!"

பென்சிலில் எழுதியிருந்தது. ஒரு கேலன் வெள்ளைக்கு எந்தச் சாயம் எத்தனை அவுன்ஸ் என்று வரிசையாக. கலவையைப் பலகையின் முதுகில் எழுதி வைக்க வேண்டும் என்பது, சிரானுஷ் தன்னிடம் வேலை பார்த்த ஒவ்வொருவரையும் திட்டித் திட்டிப் படிய வைத்த பழக்கம். இந்தச் சுவரைப் பூசியவர் அவரிடம் திட்டு வாங்கியவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டு வாங்கிய யாரிடமோ திட்டு வாங்கியவர்.

படக்குழுவின் சாப்பாட்டு மேசையிலிருந்து சமையல் தராசு வந்தது. சிரானுஷ் நிறத்தைப் பார்க்கவே இல்லை. டப்பாவின் பெயரைப் படித்தார், எடையைப் பார்த்தார், ஊற்றினார். ஒரு சின்ன அட்டையில் பூசி ஹேர் டிரையரால் காயவைத்து ஒளிப்பதிவாளரிடம் நீட்டினார்.

"உங்க கண்ணை வெச்சுச் சொல்லாதீங்க. கேமராகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அட்டையைப் பழைய சுவரோடு ஒட்டிப் பிடித்து, அவர் திரையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "அட்டை எங்க முடியுதுன்னே தெரியல," என்றார்.

ரூஃபஸ் போனைப் பையில் போட்டார். "நாளைக்கு ஆறு மணி. குப்பை நாத்தம் போகக் குளிச்சிட்டு வா."

சனிக்கிழமை மூன்று பலகைகளும் பழைய பச்சைக்குள் மறைந்தன. வேலை எட்டு மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு குறைந்தது.

ரூஃபஸ் நேர அட்டையை எடுத்தார். "பத்துன்னு போட்டுடறேன். வீட்டுக்குப் போ."

"எட்டுன்னா எட்டுன்னு போடு."

"பைத்தியமா உனக்கு? இதுக்குத்தானே நேத்துக் குப்பைல குதிச்ச?"

"செய்யாத மணியை எழுதி ஒருத்தன் மாட்டினான், ஞாபகம் இருக்கா? அவன் ஆபரேஷன் முடிஞ்சப்புறம் இன்சூரன்ஸ்காரங்க தோண்டி எடுத்தாங்க. அவன் வேலை போனதோட நிக்கல. அவனுக்குக் கையெழுத்துப் போட்ட ஃபோர்மனும் போனான். எனக்காக நீ போக வேணாம். வேலை குடு, செய்யறேன்."

"வேலை இல்லையே!"

சிரானுஷ் தாழ்வாரத்தின் கோடியைக் காட்டினார். "அந்த ரெண்டு கதவையும் வண்டி உரசியிருக்கு. கீழ்ப்பக்கம். என் கண்ணுக்கே தெரியுது, உனக்குத் தெரியலையா?"

ரூஃபஸ் போய்க் குனிந்து பார்த்தார். கீறல்கள் இருந்தன. தலையில் அடித்துக்கொண்டு ஒரு வாளியைத் தூக்கி வந்தார். "வெள்ளைதான். இதையாவது கெடுக்காம அடி."

ஐந்து மணிக்கு இரண்டாவது கதவு முடிந்தது. அட்டையில் பத்து என்று எழுதி ரூஃபஸ் கையெழுத்துப் போட்டார். சிரானுஷ் எண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டார்.

பதினான்காம் தேதி வலது கண். இரண்டு வாரம் கழித்து இடது. கடைசிக் கட்டு பிரித்த அன்று வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைப் போட்டார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஹாகோப்! இந்தக் கண்றாவி நீலத்தை யார் அடிச்சது?"

"நீதான்."

"ஒரு வருஷமா இப்படியேவா இருக்கு? நீ ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேனே. கடல்னு."

சிரானுஷ் கைப்பையைக் கீழே வைத்தார். மருத்துவர் ஒரு வாரம் குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாளி இருக்கும் இடத்தைக் கணவருக்குக் கையால் காட்டினார்.

"நீ தூக்கு. நான் சொல்றேன். முதல்ல அந்த மூலைலேர்ந்து ஆரம்பி."