மூன்றாவது வாரத்தை நான் கேட்கவில்லை

1. ஜபீன் கொண்டுவந்த எண்

"மேடம், இந்த சாம்பிள ரெண்டு தடவ ஓட்டிட்டேன். மிஷின்ல கோளாறு எதுவும் இல்ல" என்று சொல்லி, என் கிளினிக் லேப் டெக்னீஷியன் ஜபீன் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தாள்.

ஹீமட்டோகிரிட் ஐம்பத்தொன்பது. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்று சொல்லும் எண் அது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்பவருக்கு ஐம்பத்து நான்கைத் தாண்டினாலே ஊசியை நிறுத்திவிடுவோம். ஐம்பத்தொன்பது என்றால் ரத்தம் குழம்பாகிவிட்டது என்று அர்த்தம். எந்த நேரத்திலும் மூளையிலோ இதயத்திலோ அடைத்துக்கொள்ளலாம்.

பேஷன்ட் தனசேகர், வயது முப்பத்தாறு. முசரவாக்கத்து விவசாயக் குடும்பம், இப்போது வீடு செவிலிமேட்டில். ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். தினமும் நாற்பது பேர் அவரை நம்பிப் பின்னால் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நாற்பது பேர்தான்.

காஞ்சிபுரத்தில் இருபத்தேழு வருஷமாகச் சர்க்கரையும் தைராய்டும் மற்ற ஹார்மோன் கோளாறுகளும் பார்க்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள், "மேடம், மறக்க முடியாத கேஸ் எது?" என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். இதில் பாதி தூரம் வரை தப்பு செய்துகொண்டிருந்தது நான்.

2. "ஆளே மாறிட்டேன் மேடம்"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனசேகருக்குத் தலையில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து, சென்னையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டி போய்விட்டது. ஆனால், டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லி உடம்புக்கு உத்தரவு கொடுக்கும் இடம் அந்தச் சுரப்பிதான். உத்தரவு நின்றதும் உடம்பும் நின்றுவிட்டது. மீசை உதிர்ந்தது. பஸ் படியேறவே மூச்சு வாங்கியது. மனைவி ரேவதியிடமிருந்து விலகிப் படுக்க ஆரம்பித்தார். முதல்முறை வந்தபோது ரேவதியை வெளியே உட்கார வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி எழுதிக்கொடுத்தேன். இரண்டு மாதத்தில் நிமிர்ந்து நடந்து வந்தார்.

"மேடம், ஆளே மாறிட்டேன். ஊட்ல கேட்டுப் பாருங்க. ஜிம்முக்கு வேற போய்க்கினு இருக்கேன்."

பெரிய சந்தோஷம் எனக்கு. அதற்கு அடுத்த தடவை வந்தபோது இன்னொன்றும் சொன்னார். "மூணாவது வாரம் வந்துச்சுன்னா ஒரு மாதிரி இருக்குது மேடம். சுத்தமா இறங்கிடுது." வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். "அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் ரத்தப் பரிசோதனைக்கு வருவதைத் தள்ளிப்போட்டார். ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு காரணம் சொன்னார். எட்டு மாதம் கழித்து, முகமெல்லாம் சிவந்து, தலைவலி என்று வந்து நின்றபோது எடுத்த சாம்பிள்தான் ஜபீன் இரண்டு முறை ஓட்டியது.

3. நான் கத்தியது

"எத்தனை ஊசி போட்டுக்கறீங்க?"

"நீங்க சொன்னதுதான் மேடம். மூணு வாரத்துக்கு ஒண்ணு."

"கடைசி ஊசி எப்ப?"

"இருபது நாள் ஆவுது."

இருபது நாளில் அந்த மருந்து கிட்டத்தட்ட வடிந்திருக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அளவு எடுத்தேன். மிஷின் காட்டக்கூடிய உச்சத்தையும் தாண்டி இருந்தது. ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் பழையபடி தரையைப் பார்த்தார்.

நான் கத்தினேன், கதவு திறந்திருந்ததையும் மறந்து. "என் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து எத்தனை கடையில காட்டினீங்க? எங்கிட்ட பொய் சொல்ற ஆளுக்கு நான் எப்படி வைத்தியம் பாக்கறது? வேற டாக்டரைப் பாத்துக்குங்க!"

ரத்தம் இறக்குவதற்கு, அதாவது ஒரு பை ரத்தத்தை உடம்பிலிருந்து வெளியே எடுத்துவிடுவதற்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி நீட்டினேன். வண்டி ஓட்டக் கூடாது என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே இருந்தவர்கள் யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அப்படி ஒருவர் வரவேயில்லை என்றார்கள். அவருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. நான் சொன்னதெல்லாம் நியாயம்தான். ஆனால் ஐம்பத்தொன்பது ஹீமட்டோகிரிட்டோடு ஒரு பஸ் டிரைவரை ரோட்டுக்கு அனுப்பி வைத்ததும் நான்தான்.

4. புடவை டப்பா

நான் கத்தியதிலிருந்து இரண்டாம் நாள் மதியம் ரேவதி வந்தார். பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸில் இருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் யூனிஃபார்ம் புடவையோடு ஓடி வந்திருந்தார். கையில் அவர்கள் கடையின் புடவை டப்பா. திறந்தால் உள்ளே காலி ஆம்ப்யூல்கள், ஊசி மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பிகள்.

"பீரோவுக்குப் பின்னால இருந்துச்சு மேடம். ஜிம்முல ஒருத்தர்தான் போட்டு விடறாராம். நேத்தும் வண்டி எடுத்துக்கினு போனாரு, இன்னிக்கும் போயிருக்காரு. தலைய புடிச்சிக்கினே போறாரு."

"எதுக்கும்மா இப்படிப் பண்ணாரு? நல்லாத்தானே இருந்தாரு?"

ரேவதி என்னை நேராகப் பார்த்தார். "ரெண்டு வாரம் நல்லாருப்பாரு. மூணாவது வாரம் எப்படி இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்குவாரு. வேலைக்குப் போவணும்னா அழுவாரு. 'மேடத்துகிட்ட சொன்னேன், பழகிடும்னு சொல்லிட்டாங்க'ன்னாரு. அதுக்கு மேல ஒரு பொம்பள டாக்டர்கிட்ட என்னத்தச் சொல்றதுன்னு வாயை மூடிக்கினாரு."

ஃபைலைப் புரட்டினேன். என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'அடுத்த ஊசிக்கு முன் லேசான சோர்வு. தைரியம் சொல்லப்பட்டது.'

லேசான சோர்வு என்று அவர் சொல்லவே இல்லை. அது நானாக எழுதிக்கொண்டது.

"மறுபடி வண்டி எத்தனை மணிக்கு எடுப்பாரு?"

"மூணு மணிக்கு. செவிலிமேட்ல ஷெட்டுலேர்ந்து."

ஜபீனிடம் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரேவதியைக் காரில் ஏற்றிக்கொண்டேன். அன்றைக்கு டோக்கன் வாங்கியிருந்த முப்பது பேரும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

5. பஸ் ஷெட்

தனசேகர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கினார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"திட்டறதுக்கு இங்கியே வந்துட்டீங்களா மேடம்?"

"இல்ல. மன்னிப்பு கேக்க வந்தேன். மூணாவது வாரம் இறங்கிடுதுன்னு நீங்க சொன்னீங்க. நான் காதுல வாங்கல. நீங்க பொய் சொன்னது ரெண்டாவது தப்பு. முதல் தப்பு என்னோடது."

அவர் எதிர்பார்க்கவில்லை. அப்படியே பஸ் படியில் உட்கார்ந்தார்.

"வாரத்துக்கு ஒண்ணு போட்டுக்கறேன்" என்றார் மெதுவாக. "சில வாரம் ரெண்டு. முதல்ல அந்த மூணாவது வாரத்துக்காகத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் பாடி ஏறுது, பசங்க பாராட்டறாங்க... நிறுத்த முடியல. நிறுத்துனா பழைய ஆளா ஆயிடுவேன் மேடம். திரும்ப அது மாதிரி இருக்கறதுக்கு செத்துடலாம்."

"பழைய ஆளா ஆக விட மாட்டேன். வேற வழி இருக்கு. ஆனா இன்னிக்கு இந்த சாவிய வேற யாருக்காவது குடுங்க."

ரேவதி கையை நீட்டினார். தனசேகர் மனைவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவியை மனைவி கையில் வைத்தார். ரேவதி அதை ஷெட் சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் ரத்தம் இறக்கினோம். பை நிறையும்போது சிஸ்டர், "இன்னா அண்ணே இது, கத்திரிக்கா கலருல வருது!" என்றார். படுத்தபடியே தனசேகர் சிரித்தார். பத்து நாளில் இன்னும் இரண்டு முறை இறக்கினோம். தலைவலி விட்டது.

6. கேட்காமல் விட்ட இன்னொன்று

ஊசியை நிறுத்தினால் இறக்கம் வரும் என்று ஒளிக்காமல் சொன்னேன். ஒரு நோட்டு கொடுத்தேன். தினமும் இரண்டே வரி: உடம்பு எப்படி, மனசு எப்படி. பொய்யாக எழுதினால் என்னால் உதவ முடியாது என்றேன். வாரா வாரம் கொண்டுவந்தார். 'இன்று ஜிம்முக்குப் போனேன். ஊசி கொடுத்தான். வாங்கவில்லை. ஆனால் ஆசையாக இருந்தது' என்று ஒரு நாள் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் நான் டிக் போட்டு, கீழே 'சபாஷ்' என்று எழுதினேன். முப்பத்தாறு வயது மனுஷர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அதை ரேவதியிடம் திருப்பிக் காட்டினார்.

அப்போதுதான் ரேவதி கேட்டார். "மேடம், எங்களுக்குக் குழந்தை பொறக்கவே பொறக்காதா?"

ஆபரேஷனோடு அந்த வாசல் மூடிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். முதல் நாள் குழந்தை பற்றி நான் கேட்டபோது 'இப்ப வேணாம் மேடம்' என்று தனசேகர் சொன்னதற்கு அதுதான் அர்த்தமாம். நான் அதை நம்பி, ஏன் என்று கேட்காமல் மேலே போய்விட்டேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் விந்தணு உற்பத்தி நின்றுவிடும். ஆனால் இவருடைய விதைப்பைகளில் கோளாறு எதுவும் இல்லை, உத்தரவுதான் வரவில்லை. அந்த உத்தரவையே ஊசியாகக் கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை, வயிற்றுத் தோலுக்கு அடியில், சின்ன ஊசி. உடம்பே தனக்கு வேண்டியதைச் சுரந்துகொள்ளும். மூன்றாவது வாரம் என்ற பள்ளமும் இருக்காது.

ரத்தம் சீராகி, நாற்பத்தாறில் நின்ற பிறகு ஆரம்பித்தோம். ரேவதியே போட்டுவிட்டார். நாலு மாதத்தில் தனசேகர் பழையபடி பஸ் எடுத்தார். விந்துப் பரிசோதனை மட்டும் பூஜ்யம், மறுபடியும் பூஜ்யம். இன்னொரு ஹார்மோனையும் சேர்த்தேன். பதினோராவது மாதம் ஜபீன் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினாள்: "மேடம், ஓடுது மேடம்! ரெண்டு... இல்ல, நாலு ஓடுது!" வெளியே காத்திருந்தவர்களுக்கு என்ன ஓடுகிறதென்று புரிந்திருக்காது. தனசேகரும் ரேவதியும் நானும் லேப் வாசலில் நின்று கைதட்டினோம்.

அடுத்த வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

7. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள்

குழந்தைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிளினிக் வாசலில் ஐந்து வாட்டசாட்டமான ஆட்களோடு தனசேகர் வந்து நின்றார். எல்லாரும் அவருடைய ஜிம்காரர்கள். ஊசி போட்டு விட்டவரும் அதில் ஒருவர்.

"மேடம், இவனுங்களும் போட்டுக்கினு இருக்கானுங்க. இவனுங்களுக்கு சீட்டே கிடையாது. திட்ட மாட்டாங்க, கேப்பாங்கன்னு சொல்லி கூட்டிக்கினு வந்திருக்கேன். திட்டிடாதீங்க, என் மானம் போயிடும்."

ஐந்து பேருக்கும் ரத்தம் எடுத்தோம். இரண்டு பேருக்கு ஐம்பத்து நான்குக்கு மேல். ஐந்து பேருமே ஊசியை விட்டார்கள். விட்ட பிறகு வந்த சோர்வைத் தாண்டும்வரை மாதாமாதம் வந்தார்கள்.

பேஷன்ட் பொய் சொன்னால் இளம் டாக்டர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும், எனக்கும் வந்தது. ஆனால் ஃபைலைக் கொஞ்சம் பின்னால் புரட்டிப் பாருங்கள். அவர் உண்மை சொல்ல வந்த ஒரு நாள் அதில் இருக்கும். அன்றைக்கு நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று படித்துவிட்டு, அதற்குப் பிறகு கோபப்படுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். முக்கால்வாசி நேரம் கோபப்பட ஒன்றும் மிஞ்சுவதில்லை.