இரண்டு வில்லைகளும் பெர்சிஸின் மூக்கும்

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் மொத்த விற்பனைத் தேயிலைக் கடை வைத்திருக்கும் பெர்சிஸுக்கு, கொரோனா இரண்டாவது அலையில் போன வாசனை திரும்பி வரவேயில்லை. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, மூக்கு மட்டும் அடைத்த கதவாகவே இருந்துவிட்டது. நாக்கில் இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கருவாட்டுக் குழம்பும் சாம்பாரும் அவளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

வேறு யாராவது என்றால் சமாளித்துக்கொள்ளலாம். பெர்சிஸுக்கு மூக்குதான் பிழைப்பு. அவள் மாமனார் திருநெல்வேலிச் சீமை நாசரேத்திலிருந்து வந்து தொடங்கிய கடை அது. குன்னூரிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் வரும் தூளைக் காய்ச்சிக் குடித்து, எதை எதோடு கலப்பது என்று முடிவு செய்வது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வேலை. எண்ணூர் வரைக்கும் டீக்கடைக்காரர்கள் அவள் கலவையைத்தான் கேட்டு வாங்குவார்கள். இப்போது அந்த வேலையைக் கணவன் ஜெஸ்வின் பார்த்தான். நல்ல மனுஷன். நாக்குதான் சுமார்.

டாக்டர் தினமும் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் முகரச் சொன்னார். ஒரு வருஷம் முகர்ந்து பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டாள். "ஆலைப் புகை நாறுற இந்த ஏரியாவுல மூக்கு இல்லாதவங்கதான் குடுத்து வச்சவங்க" என்று கடைக்கு வருகிறவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

போன வருஷம், சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருக்கும் ராயபுரத்து சுஃபியான் விடுப்பில் வந்தான். அவன் வீட்டுக்கு இந்தக் கடைத் தூள்தான் போகும். சீனாவில் ஷியாமென் துறைமுகத்தில் வாங்கியது என்று, காகிதம் சுற்றிய இரண்டு வில்லைகளை மேசைமேல் வைத்தான். சின்னத் தோசை அகலம். வறட்டி போல இறுகிக் கிடந்தன.

"வெள்ளைத் தேயிலைக்கா. வறுக்க மாட்டாங்க, உருட்ட மாட்டாங்க. வாட வச்சு, காய வச்சு, ஆவி காட்டி அப்டியே அமுக்கிடுவாங்கோ. ஒண்ணு இந்த வருசத்து சரக்கு. இன்னொண்ணு ரொம்ப பழசு. ரெண்டுல எது டாப்புன்னு நீதான் சொல்லணும்."

பெர்சிஸ் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குத்தான் வாசனை போயிட்டுல்லா தம்பி. உனக்கு யாரும் சொல்லலியா?"

சுஃபியான் முகம் சுருங்கிப்போனது. கடலிலேயே இருந்தவனுக்கு அது தெரியாது.

அந்த நேரம் தூள் வாங்க வந்து நின்றவள் பூவம்மா. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் டீக்கடை போட்டிருப்பவள். "நீ ஊத்துக்கா. நான் குட்ச்சிட்டு சொல்றேன். உன் மூக்கு இல்லாங்காட்டி இன்னா, என் மூக்கு கீது" என்றாள்.

பெர்சிஸ் கோணி ஊசியால் வில்லையின் ஓரத்தை நெம்பினாள். இலைகள் உடையாமல் அடுக்கடுக்காகப் பிரிந்தன. புதியதில் பச்சை மாறாத இலைகளும் வெள்ளை ரோமம் போர்த்திய மொட்டுகளும். பழையது முழுக்கச் சருகு நிறம். ஒரே எடை, ஒரே கொதிநீர். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

பூவம்மா புதியதை உறிஞ்சினாள். "இன்னாக்கா இது? வைக்கோல் போருல மல்லிப்பூ வுயுந்தா மாதிரி கீது." பிறகு பழையது. இன்னொரு வாய் உறிஞ்சினாள். "இது வேற மேரி. மொதல்ல கஷாயம். அப்பால இனிக்குது. ஆங், இலந்த வடை!"

பெர்சிஸும் குடித்தாள். வாசனை எதுவும் வரவில்லை. ஆனால் நாக்கு எதையோ கண்டுகொண்டது. "புதுசு நாக்கு ஓரத்தைப் பிடிக்கு. பழசு கஞ்சித்தண்ணி மாதிரி வழுக்கிட்டு உள்ள போகுது" என்றாள். தேநீரைப் பற்றி அவள் அப்படிப் பேசி வெகுநாளாகியிருந்தது. கல்லாவில் இருந்த ஜெஸ்வின் எழுந்து வந்து நின்றான்.

அதன்பின் பூவம்மா வரும்போதெல்லாம் இரண்டு கோப்பைகள் தயாராகும். பூவம்மா வாய் ஓயாமல் சொல்லுவாள். பெர்சிஸ் கண்ணை மூடி, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாசனையைத் தேடுவாள். டாக்டர் சொன்ன நான்கையும் அவள் தனியாக முகர்ந்திருந்தாள். இதற்குத் துணை இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். பழைய இலையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டிருந்தார்கள். கோப்பையைத் தூக்கிய பெர்சிஸ் சட்டென்று நின்றாள். ஏதோ ஒன்று மூக்கைத் தொட்டுவிட்டுப் போயிற்று. மறுபடி முகர்ந்தாள், இல்லை. மறுபடியும் முகர்ந்தாள். இருந்தது. மெல்லிசாக, வெயிலில் உலர்ந்த பழம் மாதிரி.

"பூவம்மா, நான் கண்ணைக் கட்டிக்கிடுதேன். நீ மாத்தி மாத்தி மூக்குகிட்ட காட்டு. குடிக்க மாட்டேன்."

முதலில் காட்டியதைப் பழசு என்றாள், சரி. அடுத்ததைப் புதுசு என்றாள், அதுவும் சரி. குருட்டாம்போக்கில் சொல்லுகிறாளோ என்று பூவம்மாவுக்குச் சந்தேகம். இரண்டு கோப்பையிலும் பழையதையே ஊற்றி நீட்டினாள்.

பெர்சிஸ் இதை முகர்ந்தாள், அதை முகர்ந்தாள். "ரெண்டும் பழசு. யாரை ஏமாத்தப் பாக்க?"

"வந்துச்சு யக்கா!" என்று பூவம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். தேநீர் இருவர் சேலையிலும் கொட்டியது.

எல்லாமே திரும்பிவிடவில்லை. மீன் வாசனை வந்தது, மல்லிகை இன்னும் வரவில்லை. சோறு கொதிக்கும்போது சில நாள் டயர் எரிகிற நாற்றம் அடிக்கிறது. ஆனாலும் பெர்சிஸ் மறுபடி சாம்பிள் மேசைக்கு வந்துவிட்டாள். புதுத் தூள் வரும் நாளில் பக்கத்து நாற்காலியில் பூவம்மா இருப்பாள். ஒருத்தி தப்பவிட்டதை மற்றவள் பிடிப்பாள். ஜெஸ்வின் நிம்மதியாகக் கல்லாவுக்குப் போய்விட்டான்.

இந்த வருஷம் சுஃபியான் மொட்டுகளை மட்டும் அழுத்திய வில்லை ஒன்று கொண்டுவந்தான். பெர்சிஸ் ஒரு வாய் குடித்து, இதுதான் எல்லாவற்றிலும் ஒசத்தி என்றாள்.

"சப்புனு கீதுக்கா. கொயாய் தண்ணியே இத்தவிட மேலு" என்றாள் பூவம்மா.

"உனக்கு நாக்கு மரத்துப்போச்சு."

"ஆமா, சொல்றாங்க பாரு மூக்குக்காரம்மா!"

கடையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சுஃபியான் எழுந்து போய் மறுபடி தண்ணீர் வைத்தான்.