குழாயடியில் என் முறை

எங்கள் தாராவிப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வருஷத் திட்டம் போடப்போவதாகச் சொல்லிப் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டதால் நான் போனேன். பேத்தியைச் சேர்த்த அன்றைக்குத்தான் நான் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். அதற்கு முன் நாற்பது வருஷம் தோல் பட்டறைதான்.

ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு கொடுத்து, குறையை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். எனக்கு எழுத வராது. கல்வி ஆபீசிலிருந்து வந்திருந்த, மாட்டுங்கா பக்கத்துத் தமிழ் அம்மாவிடம் வாயால் சொன்னேன்.

"ஏழு மணிக்குத்தான் எங்க கல்லிச் சந்துல தண்ணி வருது தாயி. எம் பேத்தி பிடிச்சு வச்சிட்டு ஓடுதா. அதுக்குள்ள கேட்டைப் பூட்டிருதாவ. இப்படியே போனா பேரை எடுத்துருவோம்னு சொல்லிட்டாவ."

அவர் சீட்டில் எழுதிக்கொண்டார். "கேட்டை லேட்டா பூட்டணும்னு போட்டுட்டேன். திட்டம் பாஸாக நாளாகும் மாமா. அதுவரைக்கும் உங்காத்துல வேற யாரும் தண்ணி பிடிக்கப்படாதா?"

மகனும் மருமகளும் ஆறு மணி லோக்கல் ரயிலுக்கே கிளம்பிவிடுவார்கள். ஏழு மணிக்கு நான் டீக்கடையில், யாராவது பேப்பர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் குடத்தோடு வரிசையில் நின்றேன்.

"என்ன அண்ணாச்சி, டீக்கடைக்கு வழி மறந்துட்டோ?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பேத்தி பையை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். அன்றைக்கு ஓடவில்லை, நடந்தே போனாள்.