கோதண்டம் ஓ.எஸ்.

கோதண்டபாணிக்குக் கம்ப்யூட்டரில் உருப்படியாகச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான்: திரையில் தன் போட்டோவை வைப்பது. அந்தத் தகுதியோடு அவர் 2009இல் திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். வெனிலா அங்கே டீச்சர். பி.சி.ஏ. முடித்தவள். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். அவரை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அதை வெளியே காட்டிக்கொண்டதும் இல்லை.

சென்டரில் இருந்த பதினோரு மெஷின்களும் ஏதோ ஆபீசில் கழித்துக்கட்டியவை. விண்டோஸ் திறப்பதற்குள் பிள்ளைகள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். பொறுக்க முடியாமல் வெனிலா இன்டர்நெட்டில் தேடி, விண்டோஸுக்குப் பதிலாகப் போட 'ஃபின்ச்' என்ற சின்ன லினக்ஸ் ஓ.எஸ். ஒன்றை இறக்கினாள். வெளிநாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுத்தது. வேண்டாத புரோகிராம்களை எடுத்தாள். தமிழ் எழுத்துருவும் தமிழ்த் தட்டச்சும் சேர்த்தாள். எல்லாவற்றையும் மறுபடி ஒரே சிடியாக ஆக்க மூன்று வாரம் பிடித்தது. அதைப் போட்டதும் கிழட்டு மெஷின்கள் ஒரு நிமிஷத்தில் எழுந்து நின்றன.

கோதண்டபாணி வந்து பார்த்தார்.

"இதுல நம்ம பேரு வராதாம்மா?"

"பேரு மாத்திக்கலாம் சார், அதுக்கு அவங்களே பர்மிஷன் குடுத்துருக்காங்க. ஆனா செஞ்சவங்க பேரு உள்ள இருக்குது. அத்த எடுக்கக் கூடாது."

"எவன் வந்து பாக்கப் போறான்?"

மறு வாரமே 'கோதண்டம் ஓ.எஸ்.' பிறந்துவிட்டது. வில், அம்பு, நடுவில் அவர் முகம். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. வாசலில் 'கணினி விஞ்ஞானி' என்று ஆளுயர பேனர்.

மேடையில் வைத்திருந்த மெஷினின் பட்டனைத் தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் இரண்டு வரி ஓடி அப்படியே நின்றன. மறுபடி தட்டினார். அதே இரண்டு வரி. இரண்டாம் வரிசையில் இருந்த வெனிலாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இன்னா சார் பண்ணீங்க?" என்றாள் மெதுவாக.

"ஃபின்ச்னு இருந்த எடமெல்லாம் கோதண்டம்னு மாத்தச் சொன்னேன். நம்ம மச்சான் சீனுவாசன் உக்காந்து ஒண்ணு விடாம மாத்திட்டான்."

அதையும் பெருமையாகத்தான் சொன்னார். மெஷின் தன் ஃபைல்களைப் பழைய பேரில் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பேரில் உள்ளே எதுவும் மிச்சமில்லை.

"நான் செஞ்ச சிடி பேக்ல இருக்குது. போட்டா ஓடும். ஃபின்ச்னுதான் வரும். போடவா?"

"வேணாம் வேணாம், பேஜாரா பூடும்" என்றவர், மைக்கைப் பிடித்து, "மண்டபத்துல வோல்டேஜ் சரியில்ல" என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. சால்வை போர்த்தினார்கள். இறங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் தானும் கைதட்டிக்கொண்டிருப்பது வெனிலாவுக்குத் தெரிந்தது. சட்டென்று கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அத்தனை நாளும் அவர்மேல் இருந்த இளக்காரம் முதல் தடவையாகத் தன் பக்கம் திரும்பியது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கான்வென்டில் ஆறு பழைய மெஷின்கள் தூசி பிடித்துக் கிடந்தன. சிஸ்டரிடம் கேட்டு, அந்த சிடியை ஒவ்வொன்றிலும் போட்டாள். ஃபின்ச் செய்தவர்களின் பேர்களுக்குக் கீழே, 'தமிழ் சேர்த்தது: இ. வெனிலா, விழுப்புரம்' என்று ஒரு வரி எழுதினாள்.

கோதண்டபாணியின் விசிட்டிங் கார்டில் அவர் இன்னும் விஞ்ஞானிதான்.