அண்ணி சொன்ன சாட்சி

யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது என் வீட்டுக்காரர் பேர் கொடுத்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம், கையில் ஒரு பெண் குழந்தை. கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் நிலம் இருந்தது. ஒன்று மழையை நம்பிய மேட்டுக்காடு. மற்றது கிணற்றுத் தோட்டம். நாங்கள் சாப்பிட்டதெல்லாம் அந்தத் தோட்டத்தால்தான்.

கிளம்பும் முன் தன் அக்காள் புருஷனை அழைத்துப் போய், அரூர் ரிஜிஸ்தர் ஆபீஸில் முக்தியார் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இவர் ஊரில் இல்லாத காலத்தில் இவருக்காக அவர் கையெழுத்துப் போடலாம். வரி கட்டவும் குத்தகை பேசவும் என்றுதான் பேச்சு. பத்திரம் எழுதியவர் ‘விற்கவும்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தார். இவர் படித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கே பொம்மிடியில் ரயில் ஏற வேண்டியிருந்தது.

அவரை நான் அண்ணா என்றும், அவர் பெண்டாட்டியான இவருடைய அக்காளை அண்ணி என்றும் கூப்பிடுவேன். முதல் வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. உழவுக்கு ஆள் அனுப்பினார். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது அவரே வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரண்டாம் வருஷம் தை மாதம் ஒரு காலையில் தோட்டத்துக்குப் போனால், எங்கள் கிணற்றில் அவருடைய மாடுகள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன.

“இனிமே நீ இவ்வளவு தூரம் வராதம்மா. தோட்டம் உங்க அண்ணி பேருக்கு மாறிடுச்சு” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். பட்டாளத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மாமா அப்படிச் செய்யமாட்டார், யார் பேச்சையோ கேட்டு உறவைக் கெடுக்காதே என்று எழுதியிருந்தார். அதை அடுப்பில் போட்டேன். தோட்டம் போனதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

பிறகு அரூருக்குப் போய் கிரயப் பத்திரத்தின் நகல் வாங்கினேன். அண்ணி தன் நகைகளை விற்று அந்தத் தோட்டத்தை வாங்கியதாக அதில் இருந்தது. ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பினேன். இந்த முறை முக்தியாரை ரத்து செய்து, பட்டாள அதிகாரியின் முத்திரையோடு காகிதம் வந்தது. மேட்டுக்காட்டையாவது காப்பாற்று என்று எனக்கு ஒரே வரி. காகிதத்தைக் கொண்டுபோய்ப் பதிந்தேன். மேட்டுக்காடு தப்பியது.

யுத்தம் முடிகிற வரை ராகியும் சாமையும் விதைத்துக் காலம் தள்ளினேன். அண்ணி என் வீட்டுப் பக்கம் வரவில்லை. சந்தையில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் கூட்டு என்றே நினைத்தேன்.

இவர் திரும்பி வந்ததும் தருமபுரி கோர்ட்டில் வழக்குப் போட்டோம். தன் கட்சிக்குச் சாட்சியாக அண்ணன் அண்ணியையே கூண்டில் ஏற்றினார். எந்த நகையை விற்றாய் என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

“நான் நகை எதுவும் விக்கலைங்க. எல்லாம் வூட்டுலதான் இருக்குதுங்க. அவரு கைநாட்டு வெக்கச் சொன்னாரு, வெச்சேன். எதுக்குன்னு அப்பத் தெரியாதுங்க.”

இப்போது தெரியுமா என்று நீதிபதி கேட்டார்.

“தெரியுங்க. எந் தம்பி தோட்டங்க அது.”

அண்ணன் அவளைப் பார்க்காமலே வெளியேறி, தனியாக பஸ் ஏறிப் போய்விட்டார். அவள் கோர்ட்டு வாசலில் துணிப்பையோடு நின்றாள். இவர் தயங்கினார். நான் போய், “வாங்க அண்ணி, போலாம்” என்றேன். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அண்ணி ஒரு வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தாள். ஒருநாள் களை வெட்டும்போது, உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன். “அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும், புள்ள. பயந்துட்டேன்” என்றாள்.

அடுத்த ஆடியில் அண்ணன் வந்தார். ஆள் இளைத்திருந்தார். வாசலிலேயே நின்று, போகலாம் வா என்று மட்டும் சொன்னார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்ப் புடவைகளை மடித்தாள். இவ்வளவு செய்தவரோடு போவானேன் என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்டும்விட்டேன்.

“அது வேற, இது வேற” என்றாள்.

அவர்கள் வரப்பில் முன்னும் பின்னுமாக நடந்து போனார்கள். இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் மகளுக்குச் சோறு போட்டேன்.