கையில் ஏறிய பாட்டு

“ஏனுங்க, எம்பட பேச்சு ஏறாத காதுல அந்த டம்மு டம்மு மட்டும் எப்பிடீங்க ஏறுது?”

கோமளா இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது. மண்ணரைப் பகுதியில் அவர்கள் குடியிருந்த காம்பவுண்டில் ஒன்பது வீடுகள். ஒன்பது வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவள் எதையும் அதற்குக் குறைந்த குரலில் கேட்டதில்லை. ஆனால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பூபாலன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மடியில் வைத்து, உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

கோமளா பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக செக்கிங்கில் இருப்பவள். துணியில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்; கண்டுபிடித்த வேகத்திலேயே வாயும் திறக்கும். சூப்பர்வைசர்கள் அவள் டேபிள் பக்கம் வராமல் சுற்றிப் போவார்கள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. நாற்பது தையல் மெஷின் ஓடுகிற ஹாலில் மெதுவாகப் பேசுகிறவளுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. ஒரே மகள் அபிராமியை மூலனூரில் கட்டிக்கொடுத்த பிறகு, பேசுவதற்கு வீட்டில் இருந்தது பூபாலன் ஒருவன்தான். அவனோ இரண்டு வருஷமாக, பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொன்னால் பெரிது. வயதாக ஆகத் திமிர் ஏறிவிட்டது என்று முடிவு கட்டி, போன தீபாவளிக்கு அவனுக்கு மட்டும் சட்டை எடுக்காமல் விட்டாள். அதையும் அவன் கேட்கவில்லை.

இப்போது இந்தப் பாட்டு வேறு. பூபாலன் நிட்டிங் ஆபரேட்டர். நூலைத் துணியாகப் பின்னுகிற வட்ட மெஷினோடு முப்பது வருஷம். அங்கே அவனோடு வேலை பார்க்கிற தென்காசிப் பக்கத்துச் சுடலைதான் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தது. யாரோ ஒரு டிஜே இருபது ஆட்டப் பாட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிச் செய்த மிக்ஸ். ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் ஓடும். எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று தெரியாது. எப்போதாவது ஒரு வெளிநாட்டுக்காரி ஒரு வரி சொல்லிவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் அடிதான்.

கேட்டதற்குப் பதில் வராத ஆத்திரத்தில் கோமளா போய் ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்கினாள்.

பாட்டு நின்றதும் பூபாலன் துள்ளி எழுந்தான். வலது கை தலைக்கு மேலே போய்க் காற்றில் எதையோ தேடியது. விரல்கள் இரண்டு சேர்ந்து ஒன்றுமில்லாததைப் பிடித்து முடிச்சுப் போடப் பார்த்தன. கோமளாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது.

அந்தக் கைவீச்சு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறாள். நூல் அறுந்தால் மெஷின் நின்றுவிடும். சத்தம் போன அந்த நொடியில் ஆபரேட்டர் எழுந்து, மேலே இருக்கிற நூல் சுற்றிய கோனிலிருந்து நுனியை இழுத்து முடிய வேண்டும். முப்பது வருஷமாக அவனுக்குச் சத்தம் நிற்பது என்றால் நூல் அறுந்தது என்றுதான் அர்த்தம். சினிமாப் பாட்டுப் போட்டால் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் அவன் கட்டிலைவிட்டு எழுவானே, அது பிடிக்காமல் எழுந்ததில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மிக்ஸ் அறுவதேயில்லை. இதில்தான் அந்த மனுஷனால் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது.

அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, சோறு போடட்டுமா என்று வழக்கமில்லாத மெதுவான குரலில் கேட்டாள். பதில் இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று இன்னொரு தரம் கேட்டாள். அவன் வெட்கத்தோடு ஸ்பீக்கரைப் புரட்டிப் புரட்டிப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.

“நா எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்,” என்றாள், அவன் பிடரியைப் பார்த்து.

பொத்தான் கிடைத்துவிட்டது. அவன் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான். கோமளா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள்.

மறுநாள் ஷிப்ட் விடுகிற நேரத்துக்குப் பூபாலனின் கம்பெனி எதிரே இருக்கிற டீக்கடையில் சுடலையைப் பிடித்தாள். அவன் முதலில் மழுப்பிப் பார்த்தான். அவளிடமா?

“ஒங்களுக்கே தெரியாதாக்கா? அண்ணனுக்கு ரெண்டு வருசமா காது மந்தம்லா.”

அவன் சொன்னது இதுதான். அங்கே இருப்பவை பழைய மெஷின்கள். ஊசி உடைந்தால் ஓட்டத்தில் சின்னதாக ஒரு டிக் கேட்கும். அதைக் கேட்டு நிறுத்தாவிட்டால் துணி முழுக்கக் கோடு விழுந்துவிடும். காது போன ஆளை மெஷினில் நிறுத்தமாட்டார்கள். பூபாலனோ மெஷின் உடம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காது உள்ளவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுகிறான். ஷிப்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி காதுக்கு மட்டும் போகவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஊருக்கெல்லாம் தெரிந்தது கட்டினவளுக்குத் தெரியவில்லை. கோமளாவுக்கு அழுது பழக்கமில்லை. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவன் வந்ததும் நேர் எதிரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். எதிரே நின்றால் அவனுக்குப் பாதி புரியும்.

பூபாலன் தரையைப் பார்த்தான்.

“செவுடங்கிட்டப் பேசி என்னாகப்போவுதுன்னு நீ பேச்சையே உட்டுருவியே. உன்ற வாயி அசையறதப் பாத்துட்டாவது இருக்கலாம்னுதா.”

கோமளா தட்டைப் போட்டுச் சோற்றை வைத்தாள்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மெஷின் சத்தத்திலேயே இருந்ததால் நரம்பு கெட்டுவிட்டது, கனத்த சத்தம் எட்டும், கீச்சென்ற சத்தம் எட்டாது, பெண்கள் குரல்தான் முதலில் போகும் என்றார் அவர். கோமளா அதையும் விடவில்லை. அதெப்படிப் பொம்பளைக் குரல் மட்டும் என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனாள். காதில் வைக்கிற மெஷின் ஒன்றும் கிடைத்தது. அதை மாட்டினால் தட்டு விழுவதும் அவள் பேசுவதும் ஒரே மாதிரி இருக்கிறது என்று நாலாம் நாளே பூபாலன் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஓடும்போது கோமளா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டுப் பிடித்து அல்ல. அவன் அவள் கையை எடுத்து ஸ்பீக்கரின்மேல் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்தான். கோழிக்குஞ்சைப் பிடித்தால் உள்ளங்கையில் துடிக்குமே, அப்படி இருந்தது. ஓரிடத்தில் அவள் மணிக்கட்டை விரலால் தட்டினான். பழைய பாட்டு போவதற்குள் புதுப்பாட்டு வந்துவிட்டது என்றான். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எந்தத் துணியிலும் ஒட்டுப்போட்ட இடத்தைப் பிடிக்கிறவளுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. மூன்று வாரம் விடாமல் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் ஓரிடத்தில், “இதுல,” என்று அவன் விரலை அமுக்கினாள். பூபாலன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

அன்றைக்கே அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பாட்டு கையில் ஏறும்போது தன் பேச்சு ஏன் ஏறாது? ஸ்பீக்கரைத் தூக்கி வாயருகே வைத்து அதற்குள் கத்தினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அது வெளியே விடுகிற சாமான், உள்ளே வாங்காது, வாங்குவதற்கு மைக் வேண்டும் என்று விளக்கினான்.

சம்பளம் வாங்கிய வாரம் இரண்டு பேரும் பஸ் ஏறிக் கடைக்குப் போனார்கள். தள்ளுவண்டிக்காரர்கள் வாங்கிப்போகிற மாதிரி, முழங்கால் உயரத்துக்கு மைக்கோடு ஒரு பெட்டி இருந்தது. கடைக்காரர் என்ன வியாபாரம் செய்கிறீர்கள் அம்மா என்று விசாரித்தார்.

“திட்டு விக்கறனுங்க,” என்றாள்.

பூபாலனைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, அவன் கையைப் பெட்டியின்மேல் வைத்தாள். மைக்கை எடுத்துக்கொண்டு, தன் வாய் அவன் கண்ணுக்குத் தெரியாதபடி பின்னால் போய் நின்றாள். கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தொண்டையைச் செருமினாள். அதுவே தெருவுக்குக் கேட்டது.

“ஏனுங்க,” என்றாள், “பசிக்குதுங்களா?”

அவன் திரும்பவில்லை. பெட்டியின்மேல் விரல்கள் மட்டும் விரிந்தன.

“பசிக்குது கண்ணு,” என்றான்.

கீரைக்கட்டுக்கும் பேரம் பேசுகிற கோமளா அங்கே பேரம் பேசவில்லை. மைக்கோடு சேர்த்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.