கொடிக்கு அடித்த மருந்தும் நெஞ்சில் வைத்த மருந்தும்

மருந்து பூசிய ஸ்டென்ட் எனும் வலைக்குழல் நம் பக்கத்து மக்களுக்குப் புதிதாயிருந்த காலம் அது. என் இதயக் குருதிக்குழாயில் முதலில் வைத்தது வெற்று உலோக வலைக்குழல். ஓராண்டு நிறையுமுன் அவ்விடம் மீண்டும் சுருங்கிற்று. இரண்டாம் முறை மருந்து பூசியதைப் பொருத்திய மதுரை மருத்துவர், இதுவும் சுருங்கினால் நெஞ்சைத் திறந்து அறுவை செய்வதன்றி வேறு வழியில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அனுமந்தன்பட்டியில் திராட்சை பயிரிடும் என் மைத்துனர் உடனே பொறுப்பேற்றார். கொடிக்கு மருந்தடித்த கையோடு மழை பெய்தால் மருந்து வழிந்தோடிவிடும். மீண்டும் அடிக்க வேண்டும். இத்தொழிலறிவை அவர் என் நெஞ்சுக்கும் விரித்தார்.

“மச்சான், தண்ணிய மடக்கு மடக்குனு குடிக்காதீக. பூசுன மருந்தக் கழுவிட்டுப் போயிரும்.”

“நீர் செல்வது இரைப்பைக்கு. குழல் இருப்பது குருதிக்குழாயில்.”

“எங்கிட்டுப் போனாலும் கடைசில ரத்தத்துலதான சேருது?”

என் மனைவியும் தம்பி பக்கம் சாய்ந்தாள். செம்பு மறைந்து சிறு குவளை வந்தது. அண்டை வீட்டுக்குச் செய்தித்தாள் படிக்கச் செல்லும் பழக்கம் எனக்கு அக்கோடையில்தான் உண்டாயிற்று. அங்கே மண்பானை இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் மாடிப்படி ஏறுகையில் நெஞ்சு இறுகிற்று. முன்பு சுருங்கியபோதும் இவ்வாறே தொடங்கியது. மைத்துனரும் நானும் மதுரைக்குப் பேருந்து ஏறினோம். மருத்துவர் குருதிக்குழாயைப் படமெடுத்து முடித்ததும் மைத்துனர் முந்திக்கொண்டார்.

“டாக்டரய்யா, மருந்து கரைஞ்சுருச்சா? மறுக்கா அடிக்கணுமா?”

மருத்துவர் சிரித்தார். “கரையத்தான் வேணும். கொஞ்சங் கொஞ்சமாச் சுவருக்குள்ள எறங்கி, சதை கூடுதலா வளராமத் தடுக்கும். பெறகு கம்பி மேல மெல்லிசாத் தோல் மூடிக்கும். இந்தா பாருங்க, அடைப்பு இல்ல. இது வயித்துப் புளிப்பு.”

“அப்பத் தண்ணி?”

“தாராளமாக் குடிக்கட்டும். நாங்க சொல்லாம மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது.”

“வருசக்கணக்குல தாங்குமா?”

“நெறையப் பேருக்குத் தாங்குது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.”

அக்கையெழுத்து இல்லாமலே ஆண்டுகள் சில கடந்தன, குழாய் சுருங்கவில்லை. மாலைகளில் வாய்க்கால் கரையோரம் இருவரும் நடக்கலானோம். ஒரு நாள் மைத்துனர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

“செத்த மெல்லப் போங்க மச்சான். ஒங்களுக்கு ஓடுறது புதுக் குழாய். எனக்கு ஆத்தா குடுத்தது.”